படிக்கட்டில் சாவியோடு நின்றவள்

என் தொடர்கதையின் நாயகி பத்து வருஷத்துக்கு மேல் ஒரே மாடிப்படியில் நின்றாள். ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் வீட்டுச் சாவி. அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்தியவள் நான். இறக்கிவிட வழி தெரியாமல் விழித்தவளும் நான்தான்.

எழுதுகிறவளைப் பார்த்தால் எல்லோரும் கேட்பார்கள்: "இப்ப என்ன எழுதிட்டிருக்கீங்க? அடுத்து என்ன வருது?" இந்தக் கேள்வி காதில் விழுந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்ன வருகிறது? ஒன்றும் வரவில்லை. சதுரங்கப்பட்டினம் கோட்டைக் கல்லறையில் படுத்திருக்கும் டச்சுக்காரி ஒருத்தியைப் பற்றி ஒரு நாவல் தொடங்கினேன். காலையில் அவள் என்ன தின்றிருப்பாள் என்று தெரியவில்லை, அதோடு நின்றது. ஷிப்ட் பஸ் டிரைவர் ஒருவரை வைத்து ஒரு குறுநாவல் எழுதினேன். அவர் வேலை மாறிப் போனதும் எனக்கும் அவர்மேல் இருந்த அக்கறை போய்விட்டது. இப்படி ஒரு டிரங்குப் பெட்டி நிறைய அரைகுறைகள். அவை ஒன்றும் என் தூக்கத்தைக் கெடுக்கவில்லை. கெடுத்தவள் படிக்கட்டில் நின்றவள் ஒருத்திதான்.

நான் சிங்கப்பெருமாள் கோயிலுக்கு மேற்கே உள்ள ஒரு கிராமத்துப் பெண். செங்கல்பட்டில் கல்லூரி இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை மதுராந்தகம் பக்கம். கல்பாக்கத்தில் டெக்னீஷியன், குவார்ட்டர்ஸ் உண்டு. அந்தக் 'குவார்ட்டர்ஸ் உண்டு' என்ற சொல்லிலேயே எங்கள் அப்பா விழுந்துவிட்டார். பரீட்சையைக் கல்யாணத்துக்குப் பிறகு எழுதலாம் என்றார்கள். அப்படிச் சொல்லி எழுதாமல் போன பெண்களை வைத்து ஒரு கல்லூரியே நடத்தலாம்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்கில் எட்டு வீடுகள். எட்டும் ஒரே அச்சு. உள்ளே நுழைந்தால் ஹால், இடது கைப் பக்கம் சமையலறை, சிங்க்குக்கு மேலே ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே அடுத்த பிளாக்கின் சமையலறை ஜன்னல். அங்கேயும் ஒருத்தி நின்று பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பாள். கடல் அரை மைலில் இருந்தது. சத்தம் கேட்கும், கண்ணுக்குத் தெரியாது.

அவரைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. என் கஷ்டமே அதுதான். குடிக்க மாட்டார். கை நீட்ட மாட்டார். சாம்பாரில் உப்பு இல்லையென்றால் தானே எழுந்துபோய்ப் போட்டுக்கொள்வார். பேசவும் மாட்டார். ஷிப்ட் முடிந்து வருவார், குளிப்பார், சாப்பிடுவார், ரேடியோவைப் பிரித்துப்போட்டு மறுபடி சேர்ப்பார். ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவிடம் எனக்கு அங்கே மூச்சு முட்டுகிறது என்றேன்.

"உனுக்கு இன்னாடி கொற?" என்று கேட்டாள் அம்மா.

"இன்னா கொறன்னு சொல்லத் தெரிஞ்சா சொல்லிட மாட்டேனா?" என்றேன். அவள் எனக்கு வேண்டிக்கொண்டு கோயில் தாயத்து ஒன்று கட்டிவிட்டாள்.

அதனால் எழுத ஆரம்பித்தேன். பத்திரிகைகளுக்கு அனுப்பினேன். திரும்பி வந்த உறைகளைப் பார்த்துத் தபால்காரருக்கே என்மேல் இரக்கம் வந்துவிட்டது. போதும் இந்தப் பிச்சை, நானே என் கதையை ஊருக்குக் கொடுத்துக்கொள்கிறேன் என்று ஒருநாள் கோபத்தில் முடிவு செய்தேன். அதற்கு வழி எங்கள் பிளாக்கிலேயே இருந்தது.

எட்டு வீடும் சேர்ந்து ஒரு புத்தகச் சுற்று நடத்திக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு ஒரு வாரப் பத்திரிகை வாங்குவது, படித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு அனுப்புவது, கீழே வலது பக்கத்தில் தொடங்கி மேலே இடது பக்கத்தில் முடிப்பது. டவுன்ஷிப்பில் எல்லா பிளாக்கிலும் இந்த ஏற்பாடு இருந்தது. நான் என் கதையை அத்தியாயம் அத்தியாயமாக எழுதி, புதுப்பட்டினம் கடைத்தெருவில் ஜெராக்ஸ் எடுத்து, என் வீட்டுப் பத்திரிகையின் நடுப்பக்கத்தில் பின் போட்டுச் சுற்றில் விட்டேன். முதல் பக்கத்தில் பெயர் போடவில்லை. ஆனால் என் கையெழுத்து எட்டு வீட்டுக்கும் தெரியும்.

பெரிய திட்டமும் ஒன்று வைத்திருந்தேன். கதை முடிந்ததும் செங்கல்பட்டில் ஒரு அச்சகத்தில் கொடுத்துப் புத்தகமாக்குவது, செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் புத்தகக்கடை வைத்திருந்தவரிடம் கொடுத்து விற்பது. அவரிடம் பேசியும் வைத்திருந்தேன். "முடிச்சு எட்த்துகினு வாம்மா, கயித்துல கிளிப்பு போட்டு மாட்டி வுட்றேன். பஸ் ஏற்றவன் வாங்கிகினு போவான்" என்றார். பஸ் ஏறுகிறவன் என் கதையை வாங்கிக்கொண்டு போவதை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அந்தக் கதையே பஸ் ஏறப்போகும் ஒருத்தியைப் பற்றியதுதான்.

கதை சாதாரணக் கதை. ஒரு டவுன்ஷிப். ஒரு மனைவி. குறை சொல்ல முடியாத ஒரு கணவன். அவள் ஒருநாள் அவனை விட்டுக் கிளம்பிப் போகிறாள். அவ்வளவுதான். எங்கே போகிறாள் என்பதைக்கூட நான் யோசித்து வைத்திருக்கவில்லை. போகிறாள் என்பது மட்டும் முதல் வரி எழுதும்போதே தெரியும்.

இரண்டாவது அத்தியாயத்திலேயே வம்பு வந்தது. அவள் சமையலறையை விவரித்திருந்தேன். எவ்வளவு இறுக்கினாலும் சொட்டுகிற குழாய், எதிர் ஜன்னல்காரி, மழை பெய்தால் ஊறுகிற அலமாரிச் சுவர். அந்த வாரமே கீழ்வீட்டு அக்கா படியேறி வந்தார். கோயம்புத்தூர்க்காரர், எல்லோருக்கும் சட்டினி கொடுத்தனுப்புகிற நல்ல மனுஷி. முகம் சிவந்திருந்தது.

"ஏனுங்க, எங்க வீட்டுக் கொழாய் சொட்டறதெல்லாம் கதைல எழுதோணுங்களா? படிச்சவங்க எங்களைப் பத்தி என்னன்னு நெனைப்பாங்க?"

நான் என் வீட்டுக் குழாயைத் திறந்து மூடிக் காட்டினேன். சொட்டியது. அவர் நம்பவில்லை. அடுத்த நாள் எதிர்வீட்டுப் பெண் வந்தாள். திருநெல்வேலிப் பக்கம், என்னைவிடச் சின்னவள். "என்னைத்தானே எழுதுதிய?" என்று கேட்டாள். மாடியில் இருந்தவர் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அரசாங்கம் ஒரே அச்சில் எட்டுச் சமையலறை கட்டினால் எட்டுப் பேரும் அது தன் வீட்டுக் கதை என்றுதான் நினைப்பார்கள். வேறு ஊரில் யாருக்கும் இந்தச் சந்தேகம் வராது. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது போல ஆயிற்று என் நிலை.

ஆனால் ஒருவரும் சுற்றிலிருந்து அந்தப் பக்கங்களை எடுத்துக் கிழிக்கவில்லை. என் வீட்டுப் பத்திரிகை ஒருநாள் தாமதமானால், "இந்த வாரம் இன்னும் வரலையே" என்று கேட்டு ஆள் வந்தது.

கதை வளர்ந்து, அவள் கிளம்பும் நாள் வந்தது. கணவன் முதல் ஷிப்ட்டுக்குப் போயிருக்கிறான். அவள் பையில் இரண்டு புடவையை வைத்து, அடுப்பை அணைத்து, கதவைப் பூட்டிப் படிக்கட்டில் நிற்கிறாள். சாவி கையில் இருக்கிறது. அந்த இடத்தில் பக்கம் முடிந்தது. 'தொடரும்' போட்டேன். அடுத்த வாரம் அவளைப் பஸ்ஸில் ஏற்றிவிடுவதாகத்தான் இருந்தேன்.

அடுத்த வாரம் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. சாவியை அவள் எங்கே வைப்பாள்?

சிரிக்க வேண்டாம். டவுன்ஷிப்பில் இருந்தவர்களுக்கு இது தெரியும். எங்கள் வீட்டுப் பூட்டு நாங்களே வாங்கிய பித்தளைப் பூட்டு. இரண்டு சாவியோடு வந்தது. கல்யாணமான புதிதில் மாமல்லபுரம் போய்க் கடலில் கால் நனைத்தபோது, அவர் சட்டைப் பையிலிருந்து ஒன்று அலையோடு போய்விட்டது. "ஒண்ணு போதும்" என்றார். பல வீடுகளில் அதுதான் வழக்கம். வெளியே போகிற பெண் சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுப் போவாள். ஷிப்ட் முடிந்து வருகிற ஆண் எதிர்வீட்டில் வாங்கித் திறப்பான். கொடுக்கும்போது எதிர்வீட்டுக்காரி, "எங்கே, மார்க்கெட்டுக்கா?" என்று கேட்பாள். கேட்கவில்லையென்றால் அது மரியாதை இல்லை.

என் நாயகி எதிர்வீட்டில் சாவியைக் கொடுத்தால், பையைப் பார்த்து அவள் கேட்பாள். பொய் சொல்ல வேண்டும், சாயந்தரத்துக்குள் எட்டு வீட்டுக்கும் தெரிந்துவிடும். சாவியைத் தன்னோடு எடுத்துப் போனால், அவன் ஷிப்ட் முடிந்து வந்து பூட்டிய கதவின் முன்னால் நிற்பான். பூட்டை உடைக்க ஆள் வரும். பிளாக்கே கூடி வேடிக்கை பார்க்கும். அவனை அப்படி நிற்கவைக்கிற அளவுக்கு அவன் அவளுக்கு ஒன்றும் செய்துவிடவில்லை. எங்கேயாவது ஒளித்து வைத்தால், அங்கே இருப்பதாக அவனுக்கு எப்படித் தெரியும்? சீட்டு எழுதலாம் என்றால் சீட்டைப் பூட்டிய வீட்டுக்குள்ளேயா வைப்பது?

ஒரு பெண் வீட்டை விட்டுப் போவதற்கு எவ்வளவோ பெரிய தடைகள் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் நாயகி ஒரு சின்னச் சாவியில் மாட்டிக்கொண்டாள். அதைவிடக் கேவலம், நானும் மாட்டிக்கொண்டேன். அந்த வாரம் பத்திரிகை நடுப்பக்கம் இல்லாமல் சுற்றுக்குப் போயிற்று.

அப்புறம்தான் ஒவ்வொருவராக வந்தார்கள். தனித்தனியாக, மற்றவர்களுக்குத் தெரியாமல்.

கீழ்வீட்டு அக்கா சட்டினிக் கிண்ணத்தைத் திருப்பி வாங்குகிற சாக்கில் வந்து, கதவைப் பாதி சாத்திவிட்டுச் சொன்னார்: "அந்த மீட்டர்ப் பொட்டிக்கு மேல வெச்சுப் போட்டுப் போனா, கைக்கு எட்டுமுங்க. கண்ணுக்குத் தெரியாதுங்க. பத்து மணிக்கு மேல பிளாண்ட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிப்போட்டாத் தீந்துதுங்க." சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் பயந்துபோனார். யோசித்துச் சொன்னது போல இல்லை அது. ஏற்கெனவே கையை நீட்டி அளந்து பார்த்தவர் சொன்னது போல இருந்தது.

என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புகிற மாடிவீட்டு அம்மாள் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது பக்கத்தில் வந்து நின்றார். அவர் கணவரின் பழைய மழைக்கால ஷூ ஒன்று வாசலில் கிடக்கும், யாரும் தொடுவதில்லை, அதற்குள் எது கிடந்தாலும் தெரியாது என்று சும்மா ஊர்க்கதை பேசுவது போலச் சொன்னார். கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எதிர்வீட்டுப் பெண் மட்டும் நேராகக் கேட்டாள். "அவளைப் படியில நிக்க வச்சிட்டியளேக்கா. கால் வலிக்காதா?"

"சாவிய எங்க வைக்கச் சொல்ற?"

"எதிர்த்த வீட்லயே குடுக்கச் சொல்லுங்க. எதிர்த்த வீட்டுக்காரி ஒண்ணும் கேக்க மாட்டா."

நான் ஆடிப்போனேன். கதையை யாரோ ஒருத்தி எழுதுகிறாள், பிளாக்கில் பாதிப் பேர் அதை எப்போதோ தங்களுக்குள் எழுதி முடித்துவிட்டிருக்கிறார்கள். சாவி வைக்கும் இடம் வரைக்கும்.

அதற்குமேல் நான் எப்படி எழுதுவேன்? மீட்டர்ப் பெட்டி என்று எழுதினால், கீழ்வீட்டுக்காரர் அன்று சாயந்தரமே மீட்டர்ப் பெட்டியைத் தடவிப் பார்ப்பார். ஷூ என்று எழுதினால் அந்த ஷூவைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். இவர்கள் வைத்திருக்கிற ஒரே ஒரு ஓட்டையை நான் அடைத்த மாதிரி ஆகும். நானாக ஒரு இடத்தைக் கண்டுபிடித்து எழுதினாலும், அது இன்னும் வாய் திறக்காத வேறொருத்தியின் இடமாக இருக்கலாம். எழுதினாலும் பாவம், எழுதாவிட்டாலும் பாவம். இருதலைக் கொள்ளி எறும்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது அது எனக்கு வெறும் பழமொழி.

ஒருநாள் மத்தியானம் எதிர்வீட்டுப் பெண் வந்து என் கையில் சாவியை வைத்தாள். தோளில் பை இருந்தது. "வாரேங்க்கா" என்றாள். எங்கே என்று என் வாய்வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அவள் படியிறங்கிப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பொறாமையாக இருந்தது, அதைச் சொல்வதில் என்ன வெட்கம். சாயந்தரம் அவள் கணவர் சாவி வாங்க வந்து, "எங்க போயிருக்கா?" என்று கேட்டார். "சொல்லலீங்க" என்றேன். அவர் சாவியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தார்.

அந்த வாரம் முடிவதற்குள் அவள் திரும்பி வந்துவிட்டாள். எங்கே போனாள், ஏன் வந்தாள், இரண்டும் தெரியாது. வழக்கம்போலப் பத்திரிகையை எடுத்து வந்து நீட்டினாள். "இதை மட்டும் எழுதிராதியக்கா" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் வீட்டுச் சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

புத்தகச் சுற்று தானாகத் தேய்ந்து போயிற்று. எல்லார் வீட்டிலும் கேபிள் டிவி வந்துவிட்டது, தொடர்கதைக்கு ஆள் இல்லை. ஆனால் ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நகல் எடுக்கும்போதே படித்துவிடுகிறவர் அவர். எப்போது போனாலும் கடைத்தெருவே கேட்கிற மாதிரி, "இன்னாக்கா, அந்தம்மா இன்னும் படிக்கட்லயே நின்னுகினு கீதா? பஸ்ஸு போயிடும்க்கா!" என்பார். சுற்றி நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று நினைத்துக்கொண்டு மின்கட்டண ரசீதை நீட்டுவேன்.

கடல் உள்ளே வந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் பிளாக் வரைக்கும் தண்ணீர் வரவில்லை. ஆனாலும் ஓடினோம். பிளாக் முழுவதும் மேற்குப் பக்கம் ஓடியது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினார், விடவே இல்லை. பிறகு திரும்பி வந்தபோது எட்டு வீட்டுக் கதவுகளும் அகலத் திறந்து கிடந்தன. பூட்டு கொண்டியில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்று யாரும் சாவியைப் பற்றி நினைக்கவில்லை. அன்றிரவு எனக்குள் இருந்த எழுத்துக்காரி, 'இதோ வழி' என்றாள். அவளை எனக்கு அறைய வேண்டும் போல இருந்தது. கரையில் அத்தனை வீட்டில் ஒப்பாரி கேட்கிறது, இவளுக்குத் தன் நாயகியைப் படியிறக்க வேண்டுமாம். அந்தப் பக்கம் நான் போகவே இல்லை.

அவர் விருப்ப ஓய்வு வாங்கியதும் குவார்ட்டர்ஸை ஒப்படைத்துவிட்டுச் செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தோம். பித்தளைப் பூட்டும் கூடவே வந்தது, கேட்டில் மாட்டினோம். கிளம்பும் முன் ஜெராக்ஸ் கடைக்காரரிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். கடை அதற்குள் பிரவுசிங் சென்டராகியிருந்தது.

"வலைப்பூன்னு ஒண்ணு கீதுக்கா. துட்டு கிட்டு வாணாம். நீயே எய்தி நீயே போட்டுக்கலாம், அமெரிக்காலகூட படிப்பான்" என்றார்.

எனக்குக் கம்ப்யூட்டர் என்றால் பயம். என் வீட்டுக்காரர்தான் கற்றுக்கொண்டார். ரேடியோவைப் பிரித்துச் சேர்த்த மனுஷனுக்கு அது ஒரு பொருட்டில்லை. ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழ் விழுகிற வித்தையை இரண்டு மாதத்தில் பிடித்துவிட்டார். "குடு, உன் கதைய நானே அடிக்கறேன்" என்றார். இத்தனை வருஷத்தில் என் எழுத்தைப் பற்றி அவர் பேசிய முதல் வாக்கியம் அது. வேறு வழியும் எனக்கு இல்லை. என் கதை வெளியே போக வேண்டுமென்றால் அவர் விரல் வழியாகத்தான் போக வேண்டும். குறை சொல்ல முடியாத ஒரு கணவனை விட்டு ஒருத்தி போகிற கதையை, அவரே உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்தைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். 

அவர் கதையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஷிப்ட் நேரத்தை மட்டும் திருத்தினார். "செகண்ட் ஷிப்ட் பஸ்ஸு அந்த நேரத்துக்கு வராது" என்பார். திருத்தியதும் மேலே அடிப்பார். வாரம் ஒரு அத்தியாயம் போட்டோம். முதலில் சிலருக்கு எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்று புகார் வந்தது. பிறகு படிக்கிறவர்கள் வந்தார்கள். பெயர் போடாமல் ஒருவர் எழுதியிருந்தார்: "நன்றாக இருக்கிறது. சாவியை மட்டும் மீட்டர் பெட்டி மேல் வைத்துவிடாதீர்கள்." கோயம்புத்தூரிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

அப்படியே படிக்கட்டுக்கு வந்து சேர்ந்தோம். கதவைப் பூட்டிவிட்டாள், சாவி கையில் இருக்கிறது என்ற வரியை அவர் அடித்து முடித்தார். விரல் நின்றது.

"அப்புறம்?" என்றார்.

"அவ்ளோதான். அதுக்கு மேல எழுதல."

"ஏன்?"

"சாவிய எங்க வெக்கறதுன்னு தெரியல" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். எதிர்வீட்டில் கொடுத்தால் என்ன ஆகும், எடுத்துக்கொண்டு போனால் அவன் எப்படி நிற்பான், எல்லாம். யார் எந்த இடத்தைச் சொன்னார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே, "இதுக்கா இத்தினி வருஷம்? அவங்கிட்டதான் இன்னொரு சாவி கீதே" என்றார்.

"எவங்கிட்ட?"

"அவ வூட்டுக்காரங்கிட்ட."

எழுந்து போனார். ஷிப்ட்டுக்குச் சாப்பாடு எடுத்துப்போன பழைய பையை அலமாரியிலிருந்து எடுத்தார். உள்ளறை ஜிப்பைத் திறந்து ஒரு சாவியை எடுத்து மேசையில் வைத்தார். பித்தளை மங்கியிருந்தது. ஆனால் தேய்மானம் இல்லை.

"நீ அந்தப் பக்கத்த டேபிள் மேல வெச்சிருந்த இல்ல, படிச்சேன். அடுத்த நாளே புதுப்பட்டினத்துல டூப்ளிகேட் சாவி போட்டு வெச்சிட்டேன்" என்றார்.

"அதுக்கப்புறமும் எதிர்வூட்ல போய்ச் சாவி வாங்கினீங்களே?"

"வாங்கலன்னா உனுக்குத் தெரிஞ்சிடுமே."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "எதுக்குப் போட்டீங்க?" என்று கத்தினேன்.

"சாவிக்கோசரம் நீ நின்னுடக் கூடாதுன்னுதான்."

"அப்ப சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல?"

அவர் விசைப்பலகையில் இல்லாத தூசியை ஊதினார். "சொன்னா நீ போயிட்டீன்னா?" என்றார்.

 இத்தனை வருஷமும் பூட்டின கதவு என்று நினைத்து ஒரு சாத்தின கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்மேல் கோபமா, அவரை நினைத்து அழுகையா, எனக்கே விளங்கவில்லை. ஒன்று மட்டும் விளங்கியது. நான் போகாததற்குச் சாவியைக் காரணம் சொல்ல இனி முடியாது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

"இப்ப இன்னா அடிக்கட்டும்?" என்று கேட்டார்.

இனிமேல் யாருடைய மீட்டர்ப் பெட்டியும் யாருடைய ஷூவும் தேவையில்லை. "அவள் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். அவனிடம் இன்னொன்று இருந்தது, அது அவளுக்குத் தெரியாது" என்று சொன்னேன். பஸ் வந்ததையும் ஜன்னலோர இருக்கை கிடைத்ததையும் சொன்னேன். அவர் ஒரு எழுத்தை மாற்றவில்லை. ஒற்றை விரலால் தட்டித் தட்டி அவளைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். ஷிப்ட் நேரத்தைக்கூடத் திருத்தவில்லை.

"போட்டுடட்டுமா?"

தலையை ஆட்டினேன். அவர் பொத்தானை அழுத்தினார். மேசையிலிருந்த சாவியை என் பக்கம் நகர்த்திவைத்து, "நீ வெச்சுக்கோ" என்றார். கேட்டில் தொங்குவது அதே பூட்டுதான்.

அவள் போய்விட்டாள். மணி பன்னிரண்டு ஆகப்போகிறது, அவருக்கு மாத்திரைக்கு முன்னால் சாப்பாடு வேண்டும். நான் எழுந்துபோய் உலை வைத்தேன்.